மச்சாள் நேர்ந்த கால்கள்

ஜெகதீஸ்வரியின் இரண்டு கால்களையும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, முருகனுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள் அவளுடைய மச்சாள், புருஷனின் அக்கா அன்னபாக்கியம். கொடுத்தது போன ஐப்பசியில், ஆசுபத்திரியில் ஜெகதீஸ்வரியின் மார்பில் கத்தி வைத்துக்கொண்டிருந்த நேரம், வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி. ஜெகதீஸ்வரிக்கு விஷயம் தெரிய வந்ததோ இந்த ஆடியில், வேல் விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. அதுவும் மச்சாள் கொட்டாஞ்சேனையிலிருந்து போத்தலில் கொண்டுவந்த பீட்ரூட் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்த வேளையில்.

"உமக்கு வருத்தம் மாறினா, வேல் தேருக்குப் பின்னால நீர் வெறுங்காலோட செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் நாலு மைல் நடப்பீர் எண்டு நேர்ந்து வைச்சனான்," என்றாள் அன்னபாக்கியம். "வருத்தம் மாறிட்டுது. இனிச் செய்து முடிக்கவேணும்."

ஜெகதீஸ்வரி தம்ளரைக் கீழே வைத்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில். அன்று காலை கீழே போய்த் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏறி வந்ததற்கே முக்கால் மணி நேரம் கட்டிலில் கிடந்திருந்தாள். தபாலில் வந்திருந்தது தண்ணீர் பில்.

"என்ட காலை நேர நீங்கள் ஆர் மச்சாள்? உங்களுக்கும் ரெண்டு கால் இருக்குத்தானே."

"வருத்தம் ஆருக்கோ அவைதான் செய்யவேணும். நான் நடந்து என்ன பிரயோசனம்?"

ஜெகதீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். சிவபாலன் வங்கியிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம். வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார், அவ்வளவுதான். இப்போதும் உயர்த்தினார். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "தேரும் மெல்லத்தானே போகும். மெல்ல மெல்ல நடக்கலாம்."

தலைமயிர் இல்லாத காலத்தில் ஜெகதீஸ்வரிக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆறு தரம் மருந்து ஏற்றினார்கள். அந்த மாதங்களில் அவள் கட்டிலில் கிடந்தால் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. சாப்பாட்டுக் கரியர் வீடு தேடி வந்தது. கந்தோரில் அவளுடைய வேலையை மற்றவர்கள் பகிர்ந்து செய்தார்கள். சித்திரையோடு மருந்து முடிந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று சொன்னார்கள். சிவபாலன் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். ஆனியில் தலையில் ஓர் அங்குலம் மயிர் முளைத்தது. அன்றோடு அவளுடைய வருத்தம் மற்ற எல்லாருக்கும் மாறிவிட்டது.

அவளுக்குத்தான் மாறவில்லை. அவளுடைய இரத்தத்தின் ஹீமோகுளோபின் எட்டில் நின்றது. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. மருந்து எலும்பு மச்சையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அது பழையபடி இரத்தம் செய்யத் தொடங்க மாதங்கள் ஆகும், இரும்புச்சத்தும் குறைவு என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதிகம் நிற்கவேண்டாம், வெயிலில் திரியவேண்டாம், இதற்கு மேலும் இறங்கினால் இரத்தம் ஏற்றவேண்டி வரும் என்றும் சொல்லியிருந்தார். சொன்னது அவளிடம். கூடப் போன சிவபாலன் அந்த நேரம் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த எட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடு படுகிறாள் என்பதை யாருக்கும் காட்ட முடியவில்லை. கட்டுப் போட்ட கை என்றால் காட்டலாம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். வெங்காயம் வெட்ட உட்காரக் கதிரை தேடுவதையும், சீப்பெடுத்துத் தலை இழுக்கக் கையைத் தூக்கிவிட்டுப் பாதியில் இறக்குவதையும், தொலைபேசியில் ஒரு வசனம் முடிய முன் மூச்சு முட்டுவதையும் எப்படிக் காட்டுவது? டொரொன்டோவில் இருந்த தங்கை மாதுளம்பழம் சாப்பிடச் சொன்னாள். இரண்டாம் மாடி ஹமீமா பேரீச்சம்பழம் அனுப்பினாள். கந்தோரிலிருந்து, எப்போது வருகிறீர்கள், வந்து நாலு பேரோடு கதைத்தால் உசார் வரும் என்றார்கள். சிவபாலன் ஒரு படி மேலே போய், "சும்மா கிடக்கக் கிடக்கத்தான் களைப்புக் கூடும்," என்று கண்டுபிடித்திருந்தார். களைப்பு உண்மை என்று நம்ப உலகத்தில் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது ஜெகதீஸ்வரிக்கு. அது கிடைக்காத எரிச்சலில்தான் பாதி இரத்தம் வற்றியிருக்கவேண்டும்.

"என்னால ஏலாது மச்சாள்," என்றாள். "டொக்டர் வேண்டாமெண்டவர்."

"எனக்கு அறுபத்தேழு. உம்மை விடப் பன்னிரண்டு வயசு மூப்பு. நாலு மணிக்கு எழும்பி, வாளியில தண்ணி தூக்கி, கோயிலுக்கு நடந்து போட்டுத்தான் பஸ்ஸில இஞ்ச வாறன். நான் எங்கயாவது கிடக்கிறனோ? மனம் வைச்சா எல்லாம் ஏலும்." அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செய்யாமல் விட்டால் திரும்பி வரும் ஜெகா."

அந்தச் சொல்லுக்காக அவளை ஒருநாளும் மன்னிக்கக்கூடாது என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். ஏனென்றால் அது வேலை செய்தது. படித்தவள், இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்தவள், அடுத்த நாள் குளிக்கும்போது தன்னையறியாமல் கக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள். நடந்தால் வீதியில் விழுவோம், நடக்காவிட்டால் நோய் வந்துவிடுமோ என்று பயந்து சாவோம். இப்படி ஒரு பொறியைச் சொந்த மச்சாளைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

நாலு நாள் இதே கதை. காலையில் போன், பின்னேரம் நேரில், முருங்கையிலை வறையோடு. ஐந்தாம் நாள் ஜெகதீஸ்வரிக்கு ஒரு யோசனை வந்தது. மாதத்துக்கொருமுறை அவள் காலி வீதியில் இருந்த ஆய்வுகூடம் ஒன்றில் சோதனைக்கு இரத்தம் கொடுப்பது வழக்கம். மச்சாளுக்கு இலக்கம் என்றால் என்னவென்று விளங்கவில்லை, அதுதான் பிரச்சினை. சுகமாக இருக்கிற ஒருத்தியின் இலக்கத்தையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் வாய் அடைத்துவிடும்.

"வாற திங்கள் என்னோட வாங்கோ," என்றாள். "நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுங்கோ. ரெண்டு ரிப்போட்டையும் பாத்துப்போட்டு நடக்கிறதோ இல்லையோ எண்டு கதைப்பம்."

"எனக்கென்ன பயமோ? வாறன்," என்றாள் அன்னபாக்கியம்.

திங்கட்கிழமை, வழக்கமாக வரும் ஷரீப்பின் ஓட்டோவில் போனார்கள். மூன்று பஸ் தரிப்புத் தூரத்துக்கு ஓட்டோவா என்று அன்னபாக்கியம் வழி முழுக்க முணுமுணுத்தாள். ஆய்வுகூடத்தில் இருந்த சிங்களப் பிள்ளை, "அம்மே, அத தென்ன," என்று கையைக் கேட்க, அன்னபாக்கியம் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி கையை நீட்டினாள். ஊசி குத்தியபோது இமைகூட வெட்டவில்லை. ஜெகதீஸ்வரி அதையும் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

பின்னேரம் சிவபாலன் இரண்டு உறைகளை எடுத்துக்கொண்டு வந்தார். அன்னபாக்கியம் விறாந்தைக் கதிரையில் பால் விடாத பிளேன்டீயோடு இருந்தாள். ஜெகதீஸ்வரி தன்னுடையதை முதலில் பிரித்தாள். எட்டு தசம் ஒன்று. பழைய கதைதான். மற்றதைப் பிரித்தாள். பெயரைப் பார்த்தாள், இலக்கத்தைப் பார்த்தாள், திரும்பவும் பெயரைப் பார்த்தாள். எழும்பிப் போய் ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்து, உறை மாறிவிட்டதா என்று கேட்டாள். மாறவில்லை. தாங்களும் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை பார்த்ததாகச் சொன்னார்கள்.

"என்னவாம்?" என்றாள் அன்னபாக்கியம்.

"எனக்கு எட்டு தசம் ஒண்டு. உங்களுக்கு ஆறு தசம் ஒன்பது."

"குறைய இருந்தால் நல்லதோ?"

சீனி வருத்தக்காரரின் சர்க்கரை இலக்கம்போல இதுவும் குறைந்தால் நல்லது என்று மச்சாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. வாக்குவாதத்தில் வெல்வதற்கு என்று கொண்டுவந்த கடதாசியை மடித்துத் திரும்பவும் உறைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை தன்னுடைய டொக்டரிடமே அவளை இழுத்துக்கொண்டு போனாள். இந்தமுறை சிவபாலனையும் உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். கார் எங்கே நின்றால் என்ன. டொக்டர் அன்னபாக்கியத்தின் கண்மடலை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு கேட்கத் தொடங்கினார். விரதம் பிடிப்பீர்களா? செவ்வாய், வெள்ளி, சனி, கார்த்திகை, சஷ்டி. மற்ற நாட்களில் என்ன சாப்பாடு? தனி ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது, பாண், சம்பல், பிளேன்டீ. பிளேன்டீ எத்தனை தரம்? சாப்பிட்ட கையோடு ஒண்டு, இடையிலயும் நாலைஞ்சு.

"பச்சை அரிசி மெல்லுவீங்களா?" என்று டொக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

அன்னபாக்கியம் திடுக்கிட்டு ஜெகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள், நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்பதுபோல. ஜெகதீஸ்வரிக்கு அப்படியொரு பழக்கம் இருப்பதே தெரியாது. "அது சும்மா," என்றாள் அன்னபாக்கியம் நிலத்தைப் பார்த்து. "சின்ன வயசில இருந்து."

இரத்தம் குறைந்தால் சிலருக்கு அப்படி ஓர் ஆசை வரும், அது அவர்களுடைய பிழை இல்லை என்றார் டொக்டர். இது நேற்று இன்று வந்த குறைவில்லை, பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உடம்பு பழகிப்போயிருக்கிறது என்றார். இந்த வயதில் உள்ளுக்குள் எங்காவது இரத்தம் போகிறதா என்றும் பார்க்கவேண்டும், அடுத்த கிழமை வயிற்றுக்குள் கமரா விட்டுச் சோதிப்போம், அதுவரை ஓரிடத்தில் இருங்கள் என்றார். ஓரிடத்தில் இருக்கச் சொல்லி அன்னபாக்கியத்திடம் யாரும் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

வேல் நாளன்று விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. வெளியே அன்னபாக்கியம். காலில் செருப்பில்லை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு.

"நீர் கிடவும்," என்றாள். "நேர்ந்தது நான்தானே. உமக்குப் பதிலா நான் நடக்கிறன். சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

பன்னிரண்டு நாளாக ஜெகதீஸ்வரி கேட்கக் காத்திருந்த வார்த்தை. இப்போது கேட்டதும் தலை சுற்றியது. கொட்டாஞ்சேனையில் இருந்து செட்டியார் தெரு கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டு, நடக்கப்போவதைச் சொல்ல வெள்ளவத்தைக்கு வந்து, மூன்று மாடி ஏறி, திரும்பவும் கோட்டைப் பக்கம் போய், அங்கிருந்து நடக்கப் போகிறாளாம், ஆறு தசம் ஒன்பதை வைத்துக்கொண்டு. இந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது புத்தி இருக்கிறதா என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ மச்சாள்."

"நேரம் போகுது."

"உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லுறன்."

சிவபாலன் கையில் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜெகதீஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, உங்கட ரத்தம் எவ்வளவு?"

"நான் பாக்கேல்லையே."

"பாக்கத் தேவையில்லை. உங்களைப் பாக்கவே தெரியுது. வேட்டியைக் கட்டுங்கோ. உங்கட அக்கா நேர்ந்தவ, உங்கட மனுசிக்காக நேர்ந்தவ. ரெண்டு பேருக்கும் நடுவில நிக்கிறது நீங்கள்தான். முருகன் ஒண்டும் சொல்லமாட்டார். சொன்னால் என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

சிவபாலன் அக்காவைப் பார்த்தார். காப்பாற்றுவாள் என்று நினைத்திருக்கலாம். அன்னபாக்கியம் வாயைத் திறந்தாள், பிறகு சுவரில் கை வைத்தாள். படி ஏறிய மூச்சு இன்னும் இறங்கவில்லை. சிவபாலன் தேத்தண்ணியை வைத்துவிட்டு வேட்டி எடுக்கப் போனார். பத்து நிமிடத்தில் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

ஜெகதீஸ்வரி மச்சாளைக் கொண்டுபோய்த் தன்னுடைய கட்டிலில் படுக்க வைத்தாள். அன்னபாக்கியம் சேலையைக் கால்வரை இழுத்துவிட்டு, விறைத்துப்போய், முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். விடிந்த பிறகு கட்டிலில் கிடந்து பழக்கமில்லாதவள். அவளுடைய கழுத்து நரம்பு துடிப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"ஜெகா."

"என்ன மச்சாள்?"

"மற்ற ஆக்களுக்குப் படி ஏறேக்க நெஞ்சு இப்பிடி அடிக்காதோ?"

"அடிக்காது."

"ஒருத்தருக்குமோ?"

"சுகமா இருக்கிற ஆக்களுக்கு இப்பிடி அடிக்காது மச்சாள்."

அன்னபாக்கியம் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டு நினைச்சன்," என்றாள் பிறகு. "எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சமாளிக்கினம், நீர் ஒராள்தான் பெரிசாச் சொல்லுறீர் எண்டு நினைச்சன். என்ட மனுசன் இருக்கேக்க சொல்லுவார், நான் சோம்பேறி எண்டு. அதுதான் நாலு மணிக்கு எழும்பப் பழகினனான்."

செத்துப்போன அந்த மனுசன் மேல் ஜெகதீஸ்வரிக்கு வந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? களைப்பை நம்ப ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று இத்தனை மாதமாகக் கேட்டிருந்தாள். கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை அந்தக் கமராவில் என்ன தெரியப்போகிறதோ என்று பயமாக இருந்தது. தன்னுடைய நோய்க்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. நிற்கவும் முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கோ," என்றாள். "எனக்கும் ஏலாது."

அன்னபாக்கியம் ஏன் என்று கேட்கவில்லை. சுவர்ப் பக்கமாகத் தள்ளி, தலையணையில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.