641-க்கு ஒரு ரீவைண்ட்

ஒரு பழைய டேப்பிலிருந்த இரைச்சலைத் துளிகூட மிச்சமில்லாமல் துடைத்து எடுத்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சனிக்கிழமைதான் ஷெரீஸ் எங்கள் கடைக்குள் வந்தாள்.

லண்டனில், டெப்ட்ஃபோர்ட் கடைத்தெருவில் மீன் கடைக்கும் சவுரி முடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ரெக்கார்டு கடை. மேலே வியாபாரம், கீழே நிலவறையில் என் வேலை. கராஜ் என்று இங்கே சொல்கிற பழைய நடனப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, தொகுப்பாக வெளியிடுவேன். அடுத்த ஞாயிறு மதியம் புதுத் தொகுப்பு வெளியீடு. ஜன்னல் கண்ணாடி முழுக்க அதன் பெயரைப் பெரிதாக ஒட்டியிருந்தேன்: 641.

"வெளிய ஒட்டியிருக்கீங்களே, அது என்ன நம்பர்?" என்று கேட்டாள் ஷெரீஸ். ஐம்பதை நெருங்கும் வயது. கையில் மீன் பை.

"எங்க புது ரெக்கார்டு. ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?"

"ஐயோ வேணாம்மா. பல் டாக்டர் கிளினிக்ல வேலை பாக்குறேன். நாள் பூரா அந்த மெஷின் சத்தம் கேட்டதே போதும். நம்பர் என்னன்னு மட்டும் சொல்லுங்க."

அந்தக் கதையைச் சொல்வதென்றால் எனக்கு வாயெல்லாம் பல். சொன்னேன்.

தொண்ணூற்றெட்டில் இந்தப் பகுதியில் டைட்லைன் எஃப்.எம். என்று லைசென்ஸ் இல்லாத ரேடியோ ஒன்று ஓடியது. ஒரு குடியிருப்பின் சமையலறைதான் ஸ்டூடியோ. பாட்டையும் மைக்கையும் கலக்கிற மிக்சர் பக்கத்தில் ஒரு செல்ஃபோன் இருக்கும். அது அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், அதுதான் சட்டம். பாட்டு பிடித்திருந்தால் கேட்கிறவர்கள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். மைக் பிடிக்கிற எம்.சி., அந்த நம்பரின் கடைசி மூன்று எண்ணைப் படித்து நன்றி சொல்வான். அழைப்புகள் குவிந்தால் ஓடுகிற பாட்டை அப்படியே பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார்கள். அதற்குப் பெயர் ரீவைண்ட்.

"ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே நம்பர்லேர்ந்து விடாம கால் வந்துது. ஆறு நாலு ஒண்ணு. அந்த ஒரு ரசிகருக்காக ஒரே பாட்டை மூணு தடவை இழுத்தாங்க. யாரோ வீட்ல கேசட்ல பதிஞ்சு வெச்சிருந்ததால அது ஊரெல்லாம் பரவிடுச்சு. இன்னிக்கும் எந்த டான்ஸுக்குப் போனாலும், நல்ல பாட்டு விழுந்தா கூட்டமே 'ஆறு நாலு ஒண்ணு'ன்னு கத்தும். ஆனா அந்த ரசிகர் யாருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது."

ஷெரீஸ் மீன் பையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு மழையா?"

"டேப்புல எம்.சி. மழைன்னு சொல்றாரு. ஏன்?"

"அது என் ஃபோன் நம்பர்."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "நீங்கதானா அது! உக்காருங்க, உக்காருங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்..."

"நான் கூப்பிடலம்மா" என்றாள். "அந்த ஃபோன் அன்னிக்கு டெல்வின்கிட்ட இருந்துது."

தூக்கிய கேமராவைக் கீழே வைத்தேன்.

டெல்வின் பிராஸ்பரை நேரில் பார்க்காதவர்களுக்கும் அவன் பெயர் தெரியும். டைட்லைனின் ஏரியல்காரன். ஸ்டூடியோ ஒரு கட்டடத்தில், ஏரியல் எதிரே கால்டர் டவரின் கூரையில். சிக்னல் மங்கினால் ஏறிப் போய்ச் சரிசெய்வது அவன் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கூரையின் காற்றோட்டக் குழிக்குள் விழுந்து கிடந்தவனை நகராட்சி ஆட்கள் கண்டெடுத்தார்கள். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் இத்தனை வருஷம் தூங்கினோம்.

"புது ஃபோன். வாங்கி மூணு நாள்கூட ஆகல" என்றாள் ஷெரீஸ். "அப்ப நானும் அவனும் ஒண்ணா வாழ்ந்துட்டிருந்தோம். கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்னு எனக்குக் கோபம். ராத்திரி வரட்டும், கிழிச்சிடுறேன்னு இருந்தேன். குழியில மழைத் தண்ணிக்குள்ள கிடந்துச்சுன்னாங்க, உடைஞ்சு போய். எனக்கு அந்த டேப்பைப் போட்டுக் காட்டுறீங்களா?"

நிலவறைக்குக் கூட்டிப்போனேன். சுத்தம் செய்ததைப் போடப் போனவள், நிறுத்தினேன். நான் துடைத்தெடுத்த இரைச்சல் என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காலத்து செல்ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பீக்கர் துடிக்கும். டிட்-டிடிட்-டிட்-டிடிட். டேப் முழுக்க அந்தத் துடிப்பு இருந்தது. பாட்டைக் கெடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருந்தேன்.

பழைய டேப்பைப் போட்டு, இசையை அடக்கி, துடிப்பை மட்டும் தூக்கிவிட்டேன்.

முதலில் எம்.சி.யின் குரல்: "சிக்னல் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு! டெல்வின், என் ராஜா, நீ எங்க இருந்தாலும் நல்லா இருடா!" பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டிட்-டிடிட். "கடைசி மூணு, ஆறு நாலு ஒண்ணு! கேட்டுச்சுப்பா, கேட்டுச்சு! உனக்காக இழுக்குறோம்!" இசைத்தட்டு பின்னுக்குப் போகிற கீச்சொலி. மறுபடி டிட்-டிடிட். மறுபடி, "கேட்டுச்சு, கேட்டுச்சு!"

மூன்றாவது ரீவைண்டுக்கு அப்புறம் எம்.சி. அந்த நம்பரை விட்டுவிட்டான். அடுத்த பாட்டு போனது. துடிப்பு மட்டும் நிற்கவில்லை. அதற்கடுத்த பாட்டிலும் வந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. கேசட் முடிகிற இடத்தில் ஒரே ஒரு டிட். மிச்சம் வரவில்லை.

ஷெரீஸ் அழவில்லை. ஸ்பீக்கரின் வலைமேல் கை வைத்திருந்தாள்.

"போலீசைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன், ஏதாவது பேச வேண்டுமென்று.

"போலீஸ் வந்தா முதல்ல டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிட்டுப் போகும். அவன் கூப்பிட மாட்டான். மைக்ல கத்திட்டிருந்த ஈபோ வருவான்னு நெனச்சிருப்பான்." எழுந்தாள். "ஈபோகிட்ட இதைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அந்தச் சத்தத்தை மட்டும் அழிக்காதீங்க. அவன் குரல்கூட என்கிட்ட இல்ல."

போய்விட்டாள். கடையைப் பூட்டும்போது கீழே ஒரு ஸ்பீக்கர் டிட்-டிடிட் என்றது. என் ஃபோன் மேலே என்னிடம், கோட்டுப் பையில் இருந்தது. நிலவறை விளக்கை அணைக்கத் திரும்பிப் போகவில்லை.

அந்த எம்.சி., ஈபோ குவான்சா. டெல்வினின் உயிர்த் தோழன். இப்போது பஸ் ஓட்டுகிறான். முழங்கால் வலி, விவாகரத்து, இரண்டு பெண்கள். அந்த டேப்பில் இருக்கிற ஒரு மணி நேரம்தான் அவன் ஆயுளிலேயே நல்ல நேரம். அதை வைத்துத்தான் இன்னும் நாலு பேர் அவனைத் தெருவில் நிறுத்திக் கை குலுக்குகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவனிடமிருந்து பிடுங்குவதா? பிடுங்காமல், ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி மைக்கைப் பிடித்து "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று கத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் சட்டையோடு, ஒரு டப்பா நிறைய ஜொலோஃப் தக்காளிச் சோற்றோடு வந்தான்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி மீன் கடையில மிஞ்சிப்போன மீன் மாதிரி இருக்கு? சாப்பிடு. ஞாயித்துக்கிழமை என் பொண்ணுங்க ரெண்டும் வருதுங்க. அப்பன் யாருன்னு அன்னிக்குத்தான் அதுங்களுக்குத் தெரியப்போவுது!"

சொல்லிவிட்டேன். நான்கே வாக்கியம்.

முதலில் சிரித்தான். அப்புறம் கத்தினான். "எவளோ பல்லு புடுங்குற இடத்துலேர்ந்து வந்து சொன்னாளாம், இவ நம்பிட்டாளாம்! ஷெரீஸுக்கு அப்பவே என்னைப் பிடிக்காது!"

நான் துடிப்பை மட்டும் போட்டேன்.

நின்றபடியே கேட்டான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"டெல்வினுக்கு ஒரு நம்பரும் மனசுல நிக்காது, மார்வா. அவங்கம்மா வீட்டு நம்பரையே உள்ளங்கையில எழுதி வெச்சிருப்பான். அது அவ ஃபோனு, உள்ள யார் பேரும் இருந்திருக்காது. அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒரே நம்பர்தான், எங்க ஸ்டூடியோ நம்பர். ஏன்னா பாட்டுக்குப் பாட்டு நான்தான அதைக் கத்திக்கிட்டே இருப்பேன். சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா கால்டர் டவர் கூரை தெரியும். அன்னிக்கு அதைப் பாத்துக்கிட்டேதான் கத்தினேன்."

"ரெக்கார்டை நிறுத்திடட்டுமா?"

சோற்று டப்பாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான்.

"வேணாம். சத்தத்தோடவே போடு. ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு ஒரு ஃபோன் வேணும். பழைய மாதிரி. நம்பரை எல்லாருக்கும் சொல்லிடு."

துடிப்போடு ஒரு தட்டு புதிதாகப் பதித்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. நிலவறை நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள். இணைய ரேடியோவில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஷெரீஸ் சுவரோரம் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். ஈபோவின் பெண்கள் முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மிக்சர் பக்கத்தில், ஸ்பீக்கரோடு ஒயரில் இணைத்து, அவன் கேட்ட அந்தப் பழைய ஃபோன்.

தட்டை வைத்தேன். பாட்டு விழுந்ததும் கூட்டம் கூரை அதிரக் கத்தியது. "ஆறு நாலு ஒண்ணு! ஆறு நாலு ஒண்ணு!" ஃபோன் அடித்தது.

ஈபோ மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஃபோனை எடுத்தான்.

"ஹலோ. யாரு பேசுறது?"

பதில் எல்லோருக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காத ஒரு பையனின் குரல். "ஐயோ... அண்ணே... ரீவைண்டுக்குத்தான் அடிச்சேன்."

"எங்க இருக்க?"

"வீட்ல. லூயிஷம்ல."

"அடி கிடி ஒண்ணும் படலையே?"

"இல்லையே அண்ணே."

"சரி. நல்லா இரு." வைத்தான். உடனே அடுத்தது. எடுத்தான். "யாரு? எங்க இருக்க? நல்லா இருக்கியா?"

கூட்டம் முதலில் சிரித்தது. "டேய் ஈபோ, இது என்ன ஆஸ்பத்திரியா? பாட்டைக் கவனிய்யா!" என்று ஒருவன் கத்தினான். ஈபோ திரும்பவே இல்லை. வருகிற அழைப்பையெல்லாம் எடுத்தான். கேட்ஃபோர்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருத்தி. வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசிய ஒருவன். எல்லோரிடமும் அதே மூன்று கேள்வி. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மூத்த பெண் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டாள்.

அப்போது ஸ்பீக்கர் துடித்தது. டிட்-டிடிட்-டிட்-டிடிட். தட்டிலிருந்து வந்த துடிப்பென்று ஊசியைப் பார்த்தேன். ஊசி பாட்டைத் தாண்டி, கடைசி வெறும் வளையத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை.

"ஹலோ" என்றான் ஈபோ. "எங்க இருக்க?"

மறுமுனையில் யாரும் பேசவில்லை. மழை பெய்கிற சத்தம் மட்டும், ஆழமான ஏதோவொன்றின் உள்ளேயிருந்து கேட்பது போல.

மற்ற அழைப்புகளை வைத்த மாதிரி அவன் அதை வைக்கவில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான்.

"வெச்சிடாதடா. இதோ, கிளம்பிட்டேன்."

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஷெரீஸ் அவன் பின்னாலேயே போனாள். படி ஏறும்போதும் அவன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. மேலே கதவு திறந்தது. ஈரக் காற்று உள்ளே வந்தது. தெருக்கோடியில் இன்னும் நிற்கிறது கால்டர் டவர்.

விஷயம் தெரியாத யாரோ பின்வரிசையிலிருந்து ரீவைண்ட் கேட்டார்கள்.

நான் தட்டைத் தொடவில்லை.