வெள்ளானூரில் பெய்த மழை

பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்த நடுவர் சண்முகசுந்தரம், நவம்பர் முப்பதாம் தேதியில் விரலை வைத்து நிறுத்தினார். ‘171 மி.மீ.’ என்று ஸ்வாதி எழுதியிருந்த இடம். பூந்தமல்லியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு, வெள்ளானூரிலிருந்து வந்த பதினோராம் வகுப்புப் புவியியல் மாணவியான அவள் கொண்டுவந்திருந்தது பள்ளியின் மழைமானியும் அந்தப் பதிவேடும் மட்டும்தான். பக்கத்து மேசையில் ஒரு ரோபோ கைகுலுக்கிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு உங்க பக்கத்துல ஆவடியில அறுபத்துநாலுதானே பேப்பர்ல வந்துச்சு. அதுவுமில்லாம, மானிக்குள்ள இருக்கற இந்தப் பாட்டில் நூறு மில்லிமீட்டருக்கு மேல தாங்காது. நூத்தி எழுபத்தொண்ணு எப்படிம்மா வந்துது?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தப்பு செய்த பிள்ளையிடம் இரக்கப்பட்டுப் பேசுகிற குரல். அதுதான் ஸ்வாதிக்குச் சுருக்கென்றது. அந்த அறுபத்துநாலை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததென்று தெருவே திரண்டு போய் முறையிட்டபோது, “அறுபத்துநாலு மில்லிக்கு வெள்ளம் வருமா? கால்வாயில நீங்க குப்பையைக் கொட்டியிருப்பீங்க” என்று ஓர் அதிகாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அம்மா சாவித்திரி தலைகுனிந்து திரும்பி வந்தாள்.

“ரெண்டு தடவை அளந்தேன் சார். பாட்டில் ரொம்பி வழிஞ்சிடும்னு முன்னாடி நாள் சாயங்காலம் அஞ்சரைக்கே ஸ்கூலுக்குப் போய் எடுத்துட்டேன். எண்பத்திரெண்டு. மறுநாள் காலைல எட்டரைக்கு எண்பத்தொம்போது. காலை எட்டரைலேர்ந்து மறுநாள் எட்டரை வரைக்கும்தானே சார் ஒரு நாள் கணக்கு.”

“லீவு விட்ட அன்னிக்கா?”

“இடுப்பு வரைக்கும் தண்ணி சார். மானி உசரமான மேடை மேல இருந்ததால முழுகல. பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கிக்கினு வராண்டாவுக்கு வந்து அளந்தேன்.”

பழக்கமில்லாத இடத்தில் ‘தூக்கிக்கினு’ என்று வாய்தவறி வந்த வீட்டுப் பேச்சுக்கு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடுவர் சிரிக்கவில்லை. “நம்பறேன்மா. ஆனா விஞ்ஞானத்துல ஒருத்தர் சொன்னா பத்தாது. இன்னொரு அளவு வேணும்.”

“கீது சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த சாவித்திரி முன்னால் வந்து போனை நீட்டினாள். வெள்ளானூரிலேயே அவள் வேலை செய்யும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், நேராக நிமிர்ந்த பக்கங்களுள்ள ஒரு டிரம். முதல் படத்தில் அது காலி. இரண்டாவதில் தண்ணீருக்குள் நிற்கும் இரும்பு ஸ்கேல். இரண்டு படங்களும் நவம்பர் இருபத்தொன்பது, முப்பது காலை எட்டரை மணிக்கு எடுத்தவை.

“வெட்டவெளில வெச்சு போட்டோ புடின்னு இவதான் நச்சரிச்சா. இன்னாத்துக்குன்னு எனக்கு அப்போ புரியல சார்.”

சண்முகசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பெரிதாக்கினார். பதினாறு புள்ளி எட்டு சென்டிமீட்டர். “இதை ஏன் பதிவேட்டுல எழுதல?”

“டிரம் மழைமானி இல்லியே சார். மூணு மில்லி வேற குறையுது. காத்துல தெறிச்சிருக்கும்.”

அவர் மற்ற நடுவர்களைக் கூப்பிட்டு, முதலிலிருந்து அவளையே சொல்லவைத்தார். ஆவடியில் விட்டுவிட்டு வெள்ளானூரில் மட்டும் விடாமல் கொட்டிய மழைமேகத்தை ஸ்வாதி கையாலேயே காற்றில் வரைந்து காட்டினாள். ரோபோவைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நகர்ந்துவந்தார்கள்.

மாலையில் முதல் பரிசை அறிவிக்கும்போது, சண்முகசுந்தரம் பெயரோடு நிறுத்தவில்லை. “நவம்பர் முப்பது. வெள்ளானூர். நூற்று எழுபத்தொன்று மில்லிமீட்டர்” என்று மைக்கில் நிதானமாக வாசித்தார். கடைசி வரிசையில் சாவித்திரி எழுந்து நின்றுவிட்டாள். கைதட்டத் தோன்றாமல், அந்த எண்ணை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அந்த ஆபீசருக்கு இந்த நோட்டை நாளைக்கே காட்டணும்டி” என்றாள். “நானே பேசறேன்.”

ஸ்வாதி தலையாட்டினாள். கண் வடக்கே, வெள்ளானூர்ப் பக்கம் இருந்தது. மேம்பாலத்துக்கு அப்பால், அடிப்பாகம் தட்டையாக, ஒரு மேகம் கறுத்து உயர்ந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதன் உயரத்தை விரல்களால் அளக்கத் தொடங்கினாள்.