பக்கம் நாற்பத்தேழு

அந்தப் பிரிவு அலுவலர் தன் வேலையில் கைதேர்ந்தவர். குழந்தைகள் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் நாடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. போட்ட பாவத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக் குழு ஒன்று கேள்வி மேல் கேள்வி கேட்கும். குழந்தைகள் நலத் துறையில் உட்கார்ந்து பதில் எழுதுவது இவர் பொறுப்பு. எழுதுவது என்றால் பெரிய காரியமில்லை. போன தடவை எழுதியதை எடுத்து, ஆண்டை மாற்றி, இரண்டு இடத்தில் 'மேலும்' சேர்த்தால் ஆயிற்று.

அதிலும் பன்னிரண்டாம் கேள்வி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. குழந்தையைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தையின் கருத்து கேட்கப்படுகிறதா? 'கேட்கப்பட்டு, உரிய முறையில் பரிசீலிக்கப்படுகிறது.' எந்தக் குழந்தையிடம், யார் கேட்டார்கள் என்று இவரை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இந்தத் தடவைப் பதில் எழுதிய ஆபீஸ் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் விரித்தார். எதிரே பத்து வயது மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அடுத்த மாதம் அவளை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. வீட்டில் கலந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். அதாவது அவர் பேசினார், மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து பத்து நாளாக வாயாடி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் அப்பா என்ற கெத்தை விடாமல், கோப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திங்கட்கிழமை அதை மறுபடி பார்க்காமலே மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் கோப்பின் நாற்பத்தேழாம் பக்கம் திறந்திருந்தது. அவருடைய குறிப்புக்குக் கீழே, உருண்டை உருண்டையான நீல எழுத்து:

'பன்னிரண்டாம் கேள்விக்கு அப்பா எழுதினது பொய். என்னை ஹாஸ்டல்ல சேக்கப் போறாங்க. எனக்கு இஷ்டமான்னு யாரும் கேக்கல. இதுக்குப் பதில் வேணும்.' கையெழுத்து, தேதி எல்லாம் கச்சிதம். அப்பாவைப் பார்த்துப் பழகியதாயிற்றே.

அவர் அவசரமாகக் கோப்புப் பக்கம் கை நீட்டினார். "சின்னப் பொண்ணு மேடம், தெரியாம... அந்தப் பக்கத்தை எடுத்துடறேன்."

"பக்க எண் போட்ட தாளை எடுக்கக் கூடாதே. போன வருஷம் ஒரு தாளைக் கிழிச்ச எழுத்தருக்கு மெமோ கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"கீழ என்ன இருக்குன்னும் பாருங்க."

பார்த்தார். மகளின் கையெழுத்துக்குக் கீழே துணை இயக்குநர் 'ஏற்கலாம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இணை இயக்குநரும் 'ஏற்கலாம்'. இருவரும் படித்துப் பார்த்திருந்தால்தானே! படிக்காமல் கையெழுத்துப் போடுவது அந்தத் துறையில் காலங்காலமாக நடப்பதுதான்.

"ரெண்டு அதிகாரி ஒப்புக்கிட்டாச்சு. இனிமே இது உங்க வீட்டுச் சண்டை இல்ல, துறை விவகாரம்," என்றார் இயக்குநர் அம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டு பச்சை மையில் எழுதினார்: 'பிரிவு அலுவலர் மூன்று நாளில் பதில் அளிக்கவும்.'

சாயங்காலம் கோப்போடு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் மகள் எதிரே உட்கார்ந்தார்.

"ஹாஸ்டல் விஷயத்துல நீ என்ன சொல்ற?"

பன்னிரண்டாம் நாள், வாயாடி வாயைத் திறந்தாள். "சொன்னா எழுதுவீங்களா?"

"எழுதித்தானே ஆகணும்."

"அங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் போன் பேச விடுவாங்களாம். எனக்குத் தினமும் சண்டை போட ஆள் வேணும்." பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்கதான் வேணும்."

அவர் உதவிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? என்னையும்தான் நீங்க கேக்கல," என்றாள் அவள்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதினார்: 'குழந்தையின் கருத்து கேட்கப்பட்டது.' பதினைந்து வருடமாக எழுதிவந்த வாக்கியம். நிஜமாகவே கேட்டுவிட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அடுத்த வரி தானாக ஓடியது: 'உரிய முறையில் பரிசீலிக்கப்படும்.'

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மகள் கேட்டாள். "பரிசீலிக்கப்படும்னா என்னப்பா?"

பரிசீலிக்கப்படும் என்று அவர் எழுதிய காகிதங்கள் ஆபீசில் மூன்று அலமாரி நிறையத் தூங்குகின்றன. அந்த வரியை அடித்தார். 'விடுதியில் சேர்க்கும் முடிவு கைவிடப்பட்டது' என்று எழுதி, அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பமும் போட்டார்.

மகள் விடவில்லை. பன்னிரண்டாம் கேள்வியின் பதிலைப் புரட்டி எடுத்தாள். "இதையும் மாத்துங்க."

"அது வெளிநாட்டுக்குப் போறதும்மா. நாட்டு மானம்..."

"பொய் சொன்னா மட்டும் மானம் போகாதா?"

சாப்பாடு வரைக்கும் இருவரும் கத்திக் கத்திச் சண்டை போட்டார்கள். பதினோரு நாள் பாக்கியும் அன்றைக்கே தீர்ந்தது. கடைசியில் அவர் தோற்றார். தோற்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பன்னிரண்டாம் கேள்விக்கு நேரே புதிதாக எழுதினார்:

'இதுவரை ஒரு குழந்தையிடம் கேட்கப்பட்டுள்ளது. மற்ற குழந்தைகளிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.'