கழகத்துத் தொட்டி

சங்குத்துறை நீச்சல் கழகத்துக்கு முன்னாடியெல்லாம் சுவரும் கிடையாது, பூட்டும் கிடையாது. தூத்துக்குடிக் கடற்கரையில ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, சட்டையைத் தொங்கவிடச் சில ஆணி, அவ்வளவுதான் கழகம். பழைய பாலத்துலயிருந்து மிதவை வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வந்தவன் உறுப்பினன். வர முடியாதவன் அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பவும் இறங்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தயம் வைப்பாங்க. ஜெயிச்சவனைத் தோள்ல தூக்குவாங்க, தோத்தவன் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுப்பான். ரோச்சு டீ வாங்கிக் குடுத்தே ஓட்டாண்டி ஆனவன்.

எழுபத்தாறுல வந்துது தொட்டி. புதுத் துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்குற ஒரு கம்பெனி முதலாளிக்கு விளையாட்டுன்னா பைத்தியம். கொட்டகையைப் பிரிச்சுப் போட்டு, சுத்துச்சுவர் எழுப்பி, வெள்ளை ஓடு பதிச்ச நீச்சல் தொட்டி கட்டிக் குடுத்தாரு. அடேயப்பா, அந்தத் தண்ணியைப் பாக்கணுமே! அடியில ஒரு தலைமுடி கிடந்தாக்கூடத் தெரியும். பட்டியாலாவுல பயிற்சி எடுத்த நாசரேத்துக்காரர் ஜேசுபாதம் மாஸ்டர் கோச்சா வந்தாரு, கழுத்துல விசில், கையில ஸ்டாப் வாட்ச். கூடவே சட்டமும் வந்துது. இடுப்புல கட்டின சாரம், கைலியோட இறங்கப்படாது. எண்ணெய் தேச்சுக்கிட்டு வரப்படாது. தொட்டியில இறங்குறதுக்கு முன்னால குழாயடியில ஒரு குளி குளிக்கணுமாம். "குளிக்கப் போறவன் எதுக்குல குளிக்கணும்?"னு கடற்கரையே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிக்கல. மதுரையில இருந்தும் கொல்லத்துல இருந்தும் ஆள் எடுத்தாங்க. டீமுக்குப் பாலு, முட்டை, தொப்பி, துண்டு. டீம்ல எடுபட்டவனுக்குக் கம்பெனியிலயே நிரந்தர வேலை. கொட்டகைக்கு ஓலை சுமந்தவங்களெல்லாம் கம்பிக் கதவுக்கு வெளியே நின்னு எட்டிப் பாத்தாங்க. கேட்டா, "பயிற்சி நேரம், கூட்டம் போடாதீங்க"ன்னு பதில். கழகத்துல மிஞ்சினது பேரு மட்டுந்தான்.

ரோச்சு எட்டிப் பாத்துட்டுப் போறதுக்கு நிக்கல. அவனுக்கு அந்த வேலை வேணும். தனக்கில்ல, தங்கச்சி மாப்பிள்ளை மனுவேலுக்கு.

மனுவேல் சங்கு குளிக்கிறவன். இடுப்புல கயித்தைக் கட்டிக் கல்லோட அடிக்கு இறங்குவான். வள்ளத்துல நின்னு கயித்தைப் பிடிக்கிறவன் ரோச்சு. அந்தக் கரையில குளிகாரன் மச்சான் கையிலதான் கயித்தைக் குடுப்பான். கூடப்பிறந்தவனைக்கூட நம்பமாட்டான், பொண்டாட்டியோட அண்ணன் தம்பியை நம்புவான். தங்கச்சி தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டாம்லா? கீழே உள்ளவன் கயித்தைச் சுண்டினா மேலே உள்ளவன் இழுக்கணும். சுண்டாம இழுத்தா வசவுதான். ஒருதரம் ரோச்சு பயந்துபோய் முந்தி இழுத்துட்டான், கைக்கு எட்டின சங்கு போச்சு. மனுவேல் மேலே வந்து மூச்சு வாங்குறதுக்குள்ள கத்துனான்: "நான் சுண்டுனேனா வே? சுண்டாத வரைக்கும் சும்மா நில்லும்!" அதுக்கப்புறம் ரோச்சு முந்தினதே கிடையாது.

அந்த வருசம் மனுவேல் மேலே வரும்போதெல்லாம் மூக்குல ரத்தம். தங்கச்சி பிலோமி சின்னப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அண்ணன் முன்னால வந்து நின்னா.

"அண்ணே, இன்னும் ஒரு வருசம் அவரு கடல்ல இறங்குனா நானும் பிள்ளையளும் நடுத்தெருவுலதான். எப்படியாவது அந்தக் கழகத்துல சேத்து விட்டுரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் பாத்துக்கிடுதேன்ளா"ன்னு சொல்லிட்டான் ரோச்சு. சொன்னா சொன்னதுதான் அவனுக்கு.

ஆள் எடுக்கிற அன்னைக்கு ரெண்டு பேரும் போனாங்க. இரவல் ஜட்டியைப் போட்டுக்கிட்டு மனுவேல் கூச்சத்துல நெளிஞ்சான். விசில் ஊதினதும் பாய்ஞ்சான், பாய்ச்சல்ல குறையில்ல. ஆனா கடல்ல பழகினவன் தலையைத் தண்ணிக்கு மேல தூக்கித்தான் நீந்துவான். மத்த பயலுவ தொட்டியோட எதிர்ச் சுவர்கிட்ட போனதும் குட்டிக்கரணம் போட்டு எத்திக்கிட்டுத் திரும்புதானுவ. இவன் சுவரைப் பிடிச்சு நின்னு, எல்லாரும் எங்க போறானுவன்னு பாத்துட்டுத் திரும்புதான். கடல்ல சுவர் எங்க இருக்கு? கடைசியாத்தான் வந்தான்.

மாஸ்டர் நல்ல மனுசன். தோள்ல கை வச்சுச் சொன்னாரு: "தண்ணி பழகின உடம்பு, தம்பி. ஆனா வயசாயிட்டு. இனிமே திருத்த முடியாது."

மனுவேல் தலையாட்டிட்டுச் சட்டையைத் தேடுனான். ரோச்சுக்குத்தான் பொறுக்கல.

"சார், இவன் மேல நீந்துற ஆளா? அடியில கிடக்கிற ஆளு! உங்க பயல்கள்ல ஒருத்தனை இவன்கூட அடியில உக்காரச் சொல்லுங்க பாப்போம்!"

குடைக்குக் கீழே உக்காந்திருந்த கழகச் செயலாளர் சிரிச்சாரு. கம்பெனியில அவர்தான் மேனேஜரு. "நல்லாத்தான் இருக்கும். நம்ம கொல்லத்துப் பையனும் இவனும் உக்காரட்டும். அவனை மிஞ்சுனா எடுத்துக்கிடுவோம். ஆனா ஒண்ணு, யார் கையும் படாம தானா மேல வரணும்."

மாஸ்டர் முகத்தைச் சுளிச்சாரு. "இது நீச்சலே இல்ல சார்"னாரு. அதுக்கு மேல பேசல, சம்பளம் குடுக்கிறவர்கிட்ட எவ்வளவுதான் பேச முடியும்?

மனுவேல் ஆழப்பக்கம் போய் நெஞ்சு விம்ம விம்ம, வேகவேகமா மூச்சை இழுத்து விட்டான். ஏணியோட கீழ்ப்படியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அடியில உக்காந்தாங்க. கரையில நின்ன ரோச்சுக்குப் பிடிக்கக் கயிறு இல்லாம கை ரெண்டும் என்னமோபோல இருந்துச்சு.

கொல்லத்துப் பையன் கண்ணு பிதுங்கிப்போய் மேலே வந்தான். அவ்வளவுதான், மனுவேல் ஜெயிச்சாச்சு! ரோச்சு துள்ளினான். "பாத்தீங்களா சார், பாத்தீங்களா!" எல்லாரும் கைதட்டுனாங்க. மனுவேல் வரல. "திமிரைப் பாரு அவனுக்கு"ன்னான் ரோச்சு, பெருமை தாங்கல.

காவலுக்கு நின்ன செல்வதுரைங்கிற வாலிபன் சட்டையைக் கழத்துனான். "அண்ணாச்சி, அவரு கை படியை விட்டுட்டு."

ரோச்சு அவன் கையை எட்டிப் பிடிச்சான். "தொடாதல! உன் கை பட்டா தோத்தான்னுருவாங்க. முடியலன்னா அவனே காட்டுவான். எனக்குத் தெரியாதா?"

"அண்ணாச்சி, விடுங்க!"

"நில்லுலங்கேன்!"

வருசக்கணக்காக் கயிறு பிடிச்ச கை, எளவு, அதுல உள்ள பலம் லேசுப்பட்டதா? செல்வதுரையால உதற முடியல. தண்ணி கண்ணாடியா கிடக்கு, மனுவேல் கண்ணைத் திறந்துக்கிட்டு அடியில சாஞ்சு கிடக்கான். ரோச்சு அவனையேதான் பாத்துக்கிட்டு இருந்தான், எப்ப கையைக் காட்டுவான்னு. கடைசியில மாஸ்டர்தான் பேன்ட் சட்டையோட குதிச்சாரு. குப்புறப் போட்டு அமுக்குனாங்க, வாயில ஊதுனாங்க. மூக்குல இருந்து ரத்தந்தான் வந்துது. உசுரு போயிருந்துது.

அடக்கத்துக்குக் கடற்கரையே திரண்டுச்சு. கழகத்துல கல்லெறி நடந்து கண்ணாடி எல்லாம் நொறுங்குச்சு. அதோட கழகத்தார் முடிவு பண்ணிட்டாங்க, இனிமே கடற்கரை ஆள் வேண்டாம், பள்ளிக்கூடத்துல பழகின பிள்ளையளா எடுங்கன்னு. மனுவேல் ஜெயிச்சதைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு மேனேஜர் பிலோமி வீட்டு வாசலுக்கு வந்தாரு. ரோச்சும் அங்கதான் கிடந்தான். அவன் கடலுக்குப் போறதில்ல, எந்தக் குளிகாரன் இனிமே அவன் கையில கயித்தைக் குடுப்பான்?

"நடந்தது நடந்துபோச்சு. குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணணும்லா. தொட்டிக் காவலுக்கு ரோச்சை வரச் சொல்லுங்க. நிரந்தர வேலைதான்"னாரு.

ரோச்சு கையெடுத்துக் கும்பிட்டான். "அந்தச் சுவத்துக்குள்ள நான் காலை வைக்கமாட்டேன். நீங்க போங்க சார்."

அடுப்படியில இருந்து பிலோமி எந்திரிச்சு வந்தா. அடக்கத்துலயிருந்து அன்னைக்கு வரைக்கும் அவ அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

"போ."

"ஏளா, என்னால முடியாதுளா..."

"அவரு அங்கன கிடக்கும்போது கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த? இனிமே தினமும் நின்னு பாரு." மேனேஜர் பக்கம் திரும்பினா. "நாளைக்கே வாரான், சார்."