துரும்பு வாங்கியவன்

அரிசி ஆலைக் களத்தில் நெல் கிளறி வெடித்துப்போன பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, சார்பு நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள் பின்னியக்காள். எதிர்த் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான் அவள் புருஷன் சிவனாண்டி. பதினோரு வருஷம் அவள் கையால் தின்றவன். லோடு வேன் ஓட்டப் போன ஊரில் இன்னொருத்தி வாய்த்ததும், இந்தக் கல்யாணமே செல்லாது என்று வழக்குப் போட்டுவிட்டான். முதல் புருஷனை அவள் கோர்ட்டில் விவாகரத்து செய்து தீர்க்கவில்லையாம்.

கோர்ட்டுக்கு எவன் போனான்? அவர்கள் சாதிசனத்தில் ஊர் கூட்டித் துரும்பு கொடுத்துத்தான் பிரிவார்கள். முதல் புருஷன் பெத்தணன் வைக்கோல் துரும்பைக் கிள்ளி, அவள் அண்ணன் ஒச்சு கையில் வைத்தான். அத்தோடு தீர்ந்தது. அது தெரிந்துதான் சிவனாண்டி அவளைக் கட்டினான். இப்போது பெத்தணன் உயிரோடு இல்லை. அன்றைக்குக் கூடிய பெரியவர்களில் மிச்சமிருப்பவர்கள் சிவனாண்டியின் பங்காளிகள்.

"துரும்புக்குச் சாட்சி யாரும்மா?" என்று அவளுடைய வக்கீல் அம்மா முன்பே கேட்டிருந்தார்.

"எங்கண்ணன் இருக்கான்ல. அவன் வாங்குன துரும்பு. வேற எவன் வேணும்?"

ஒச்சு வந்தான். தங்கச்சியைத் தாண்டிப் போய்ச் சிவனாண்டி பக்கத்தில் நின்றான். ஒச்சுவின் பெண்டாட்டி சிவனாண்டியின் கூடப்பிறந்தவள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்.

"என்னண்ணே, அங்கிட்டுப் போய் நிக்கிற?"

"கத்தாத. ஒங்க மதினியையும் புள்ளைகளையும் நேத்தே இவன் கூட்டிட்டுப் போயிட்டான். இவன் பக்கம் சாட்சி சொன்னாத்தான் அனுப்புவானாம். நான் என்ன செய்யட்டும்?"

"அதுக்கு? என்னய வப்பாட்டின்னு ஊரு சொல்லட்டும்னு விட்டுருவியா?"

டவாலி ஒச்சுவின் பெயரை மூன்று தரம் கூவினார். சிவனாண்டி தரப்புச் சாட்சியாக அவன் கூண்டேறினான்.

"ஊர்க்கூட்டத்துல ஒங்க கையிலதான துரும்பு குடுத்தாங்க?" வக்கீல் அம்மா குறுக்கு விசாரணை செய்தார்.

"அப்படி ஒண்ணும் நடக்கலைங்க."

"அப்ப தீர்க்காத பொண்ணையா ரெண்டாவது கட்டிக் குடுத்தீங்க?"

"நாங்க கட்டிக் குடுக்கலைங்க. அதுவாப் போய் இருந்துக்கிருச்சு."

"அடப் பாவி! பந்தக்கால் ஊண்டுனவனே நீதானடா!" உள்ளே பெஞ்சில் இருந்த பின்னியக்காள் எழுந்து கத்தினாள். டவாலி ஓடி வந்து அவளை உட்கார வைத்தார். ஒச்சு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினான். பெண்டாட்டியைக் கூட்டிவர அவசரம் அவனுக்கு.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள்.

"பேரு?" கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் பெண் கேட்டாள்.

"பின்னியக்கா."

"வீட்டுக்காரர் பேரு?"

"சிவனாண்டி." அழுத்தித்தான் சொன்னாள்.

சிவனாண்டியின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன் ஐயா. புருஷனா இல்லையாங்கிறதுதானே வழக்கே?"

நீதிபதி கோப்பிலிருந்து நிமிரவில்லை. "இப்போதைக்கு அப்பா பேரைப் போடும்மா."

அந்தப் பெண் அடித்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.