மஞ்சள் விழுந்த வரிகள்

டயகம பஸ் ஹட்டனுக்கு வந்து சேர்வதற்குள் கிருஷாந்தி நாலு தடவை இடையில் இறங்கிவிட நினைத்தாள். பக்கத்து சீட்டில் மயில்வாகனம் மாஸ்டர் கூத்துப் பாட்டு எழுதிய தடித்த சீ.ஆர். கொப்பியைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல மடியில் வைத்திருந்தார்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது. தாத்தா காலத்துல எப்பிடிப் பாடுனாங்களோ அப்பிடியே புத்தகமா வரணும். மாத்துனா காமன் கோவிச்சுக்குவாரு" என்றார். காலையிலிருந்து இது ஆறாவது முறை.

"கோவிச்சுக்கிட்டா ஒங்க கூடப் பேச மாட்டாரு. எனக்கு நிம்மதி" என்று முன் சீட்டிலிருந்து அவர் மனைவி ரத்னா திரும்பாமலே சொன்னாள்.

கிருஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி பிறந்தால் அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. சிவன் மூன்றாவது கண்ணைத் திறந்து காமனை எரிக்க, அவன் மனைவி ரதி அழுது புலம்புவதுதான் கதை. ரதி வேஷம் உட்பட எல்லாம் ஆண்கள்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூத்தை நடத்துகிறவர் மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கூரை ஒழுகிப் பழைய பாட்டுக் கொப்பி நனைந்துவிட்டது. லயத்து வீடுகளில் கையெழுத்து அழகான ஆள் யார் என்று பார்த்து, அதைப் புதிதாக எழுதித் தரும் வேலையைக் கிருஷாந்தியிடம் கொடுத்தார்கள்.

எழுதினாள். ரதி புலம்பலுக்கு வந்தபோது இரண்டு பக்கம் முழுதாகக் கரைந்து வெறும் நீலக் கறையாக இருந்தது. நீளம் என்று பல வருஷமாகவே அந்த இடத்தைப் பாடாமல் தாண்டிவிடுவார்கள், அதில் ஒரு வரிகூட யாருக்கும் முழுதாக நினைவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும்போது மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த வரிகளை எடுத்து அந்த இரண்டு பக்கத்தையும் நிரப்பிவிட்டாள்.

இரண்டு வருஷமாக அந்த வரிகளுக்குத்தான் கூட்டம் விசில் அடிக்கிறது. விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, 'அது என்னோடது' என்று கத்த வேண்டும் போலிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்போது கொப்பி அச்சுக்குப் போகிறது. பைஸர் நானாவின் அச்சகத்தில் கையெழுத்தை வாசித்துப் பிழை பிடிக்கிற கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். அதனால்தான் நடுவழியில் இறங்கிவிட நினைத்தாள்.

அச்சகத்தில் கல்யாணக் கார்டு வாசனையும் மெஷின் சத்தமுமாக இருந்தது. பைஸரின் மகள் பஸ்மிலா கெம்பஸில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். லீவுக்கு வந்து வாப்பாவின் கடையில் தன் வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாஸ்டர், வாங்க ஆன்ட்டி. கொப்பிய தாங்க." ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் பிடித்தாள். "யாரு எழுதினது? எழுத்து முத்து முத்தா இருக்கே! மெஷினுக்கே பசி எடுக்கும்."

"இவதான்" என்றார் மாஸ்டர். "விளங்காத எடம் இருந்தா கேட்டுக்கலாம்னுதான் கையோட கூட்டியாந்தேன்."

பக்கங்கள் பெரிய திரையில் அச்செழுத்தாக வந்து நின்றன. பஸ்மிலா நாற்காலியைத் திருப்பினாள்.

"இதுக்கு முன்னாடி மூணு தோட்டத்துக் காமன் கூத்துக் கொப்பி இங்க வந்திருக்கு மாஸ்டர். இது அந்த மூணோடயும் ஒங்க கொப்பிய ஒப்பிட்டுப் பாக்கும். எழுத்து விட்டுப்போனா, ஒரே வரிய ரெண்டு தடவ எழுதியிருந்தா, செவப்பு போடும். ஒரு வார்த்த ரெண்டு வார்த்த வித்தியாசம்னா கண்டுக்காது. முழு வரியும் வேற எந்தக் கொப்பியிலயும் இல்லைன்னா, எழுதினவங்க தடுமாறி வேற எதையோ எழுதிட்டாங்கன்னு மஞ்சள் போடும். வேணாம்னா ஒரே பட்டன். மஞ்சள் அத்தனையும் போயிரும்."

"வெட்டிரு மகள்" என்றார் மாஸ்டர் யோசிக்காமலே. "பிழைன்னா பிழைதானே."

சிவப்பு ஆறே இடத்தில்தான் இருந்தது. ஓரிடத்தில் ஒரு வரி இரண்டு தடவை. "காலையில வேலைப் பெரட்டுக்குப் போற அவசரத்துல எழுதினியோ?" என்று மாஸ்டர் கேலி செய்தார். பக்கங்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. காமன் எரிந்தான். ரதி புலம்ப வந்தாள்.

திரை முழுவதும் மஞ்சள்.

"ஐயய்யோ" என்றாள் பஸ்மிலா. "ரெண்டு பக்கம் மாஸ்டர்! ஒரு வரிகூட மத்தக் கொப்பியில இல்ல."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

*மூணு கண்ணு வச்சவரே முழுசாப் பாத்தீரா*
*ரெண்டு கண்ணு நானழுதேன் ஒண்ணாச்சும் பாத்தீரா*

"இதுவா பிழை? இதுக்குத்தானே சனம் விசிலடிக்குது! மெஷினுக்கு மண்டையில கோளாறு." சொல்லிவிட்டு நின்றார். மெதுவாகத் திரும்பினார். "கிருஷாந்தி... பழைய கொப்பியில இது இருந்திச்சா?"

பொய் சொன்னால் வரிகள் பிழைக்கலாம். ஆனால் அவை தாத்தாவின் வரிகளாகவே அச்சாகிவிடும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இல்லீங்க மாஸ்டர். அந்த ரெண்டு பக்கமும் கரைஞ்சு போயிருந்திச்சு. நான்தான் எழுதினேன். அத்தனையும் என்னோடது."

மாஸ்டரின் முகம் சிவந்தது. "தாத்தா கொப்பியில கைய வச்சிருக்க! கூத்து என்னா ஒன் வீட்டு மொளகாத் தோட்டமா, நெனச்சத நட? பட்டன அமத்து மகள். மஞ்சள் ஒண்ணு மிஞ்சக் கூடாது!"

கிருஷாந்தி தரையைப் பார்த்தாள். பஸ்மிலாவின் விரல் பட்டன்வரை போய் நின்றுவிட்டது.

"ஒண்ணும் மிஞ்சக் கூடாதுன்னா, முன்னாடி வேகமாத் தாண்டிட்ட ரதி கல்யாணப் பாட்டுலயும் ரெண்டு வரி மஞ்சள் இருக்கு மாஸ்டர். அதுவும் சேந்துதான் போகும். காட்டவா?"

"அதையும் எழுதினியா?" என்று மாஸ்டர் உறுமினார்.

"சத்தியமா இல்லீங்க! அந்தப் பக்கம் நனையவே இல்ல. பாத்துத்தான் எழுதினேன்."

பஸ்மிலா திரையை நகர்த்தினாள். ரதியின் அழகைச் சொல்கிற இடம்.

*எடது கன்னத்து ஓரத்துல எள்ளுப்போல மச்சமுண்டு*
*எட்டி நின்னு பாத்தாலும் எளக்காரச் சிரிப்புமுண்டு*

"மத்த மூணு தோட்டத்து ரதிக்கும் மச்சமே இல்ல" என்றாள் பஸ்மிலா.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ரத்னா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அவளுடைய இடது கன்னத்து ஓரத்தில், எள்ளைப் போல, ஒரு மச்சம் இருந்தது.

"என்னாங்க" என்றாள். "இது எந்தத் தாத்தா காலத்து மச்சம்?"

"அது வந்து... அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு. நான் கூத்துல தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். தோட்டமே கூத்து பாக்குது, நீ மட்டும் கடலை கொறிச்சுக்கிட்டு ஒங்க அக்காகூடப் பேசிக்கிட்டு இருந்த. மறு வருஷம் கொப்பியில சும்மா ரெண்டே ரெண்டு வரி... அந்த வரிக்குத்தானே நீ தலையத் தூக்குன?"

"பாவி மனுசா! ரதிக்கும் எனக்கும் ஒரே எடத்துல மச்சம்னு முப்பது வருஷமா கோயில்ல எவ்வளவு கர்வமா உக்காந்திருக்கேன்! ரதி வேஷம் கட்டுற சுமன் வருஷா வருஷம் மையால மச்சம் வச்சுக்கிட்டு வர்றானே, அது நான்தானா?"

பஸ்மிலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். கிருஷாந்தி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ரத்னாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து மச்சத்தின் மேல் வழிந்தது.

"அமத்திரவா மாஸ்டர்?" என்று பஸ்மிலா விரலைத் தூக்கினாள்.

"கைய எடு மகள்!"

"காமன் கோவிச்சுக்குவாரே" என்றாள் ரத்னா.

"முப்பது வருஷமா கோவிச்சுக்கலையே" என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்தபடி.

அப்புறம் கிருஷாந்தியிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா அந்த வரிய பாடுறப்பல்லாம், நம்ம தாத்தனுக்கு என்னா மூளைடான்னு நெனச்சுக்குவேன். ஏன்ம்மா சொல்லல?"

"பொம்பள எழுதினதுன்னு சொல்லியிருந்தா பாடியிருப்பீங்களா மாஸ்டர்?"

"மாட்டேன்" என்றார் மாஸ்டர். "பொய் சொல்லக் கூடாது. மாட்டேன்தான்."

"இப்ப?"

"இப்ப ஒன்மேல ஒரு குத்தம் இருக்கு. பாதியில விட்டுட்ட. ரதி கேட்டுட்டா. சிவன் என்னா சொன்னாரு? ரெண்டு வருஷமா சிவன் வேஷக்காரன் மரம் மாதிரி நிக்கிறான். 'நான் என்னா மாஸ்டர் சொல்றது'ன்னு என்னயத்தான் கேக்குறான். கேள்வி எழுதினவதான் பதிலும் எழுதணும். அச்சு எப்ப மகள்?"

"செவ்வாக்கெழம. ஆனா இன்னிக்கே தந்தா நல்லம்" என்று பஸ்மிலா ஒரு கழிவுத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். "அட்டையில யாரு பேரு போட?"

"மொத்தப் பாட்டும் தோட்டத்துது" என்றார் மாஸ்டர். "ரதி புலம்பலுக்குக் கீழ, கிருஷாந்தின்னு முழுசா போடு."

"மச்சத்துக்குக் கீழ?" என்று ரத்னா கேட்டாள்.

"அதுக்குப் பேரு போட்டா எனக்கு ரோட்டுல நடக்க ஏலாது."

கிருஷாந்தி காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். இதுவரை அவள் ஒளிந்துதான் எழுதியிருக்கிறாள், நாலு பேர் பார்க்க எழுதியதில்லை. கண்ணை மூடினாள். பிறகு எழுதினாள்.

மாஸ்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாய்விட்டு வாசித்தார்.

*மூணு கண்ணும் மூடிக்கிட்டேன் மொகங்காட்ட வெக்கமடி*

"சிவனுக்கே வெக்கமா!" மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வரியை ராகத்தோடு எடுத்தார். மேசைமேல் விரல்கள் தப்படித்தன. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. மை படிந்த கையோடு பைஸர் எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே மாஸ்டர்! இது யாரு பாட்டு?"

"இந்தா ஒக்காந்திருக்கா பாருங்க நானா. எங்க தோட்டத்துக் கிருஷாந்தி!"

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்" என்றாள் கிருஷாந்தி, தலையைத் தூக்காமல். "ரெண்டாவது வரி வருது."