கலவாவின் வாயளவு

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, தானியேல் வீட்டு மீன்தொட்டி நாலடியிலிருந்து ஆறடியாகியிருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, ஒட்டுப்போட்ட தடமும் இல்லை. டிவி மட்டும் இடம் விட்டு ஓரமாக நகர்ந்து நின்றது.

தப்பு தானியேலுடையதுதான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவன், லீவு நாளில் காட்டுப்பள்ளிக் கடலில் கேன் கேனாகத் தண்ணீர் மொண்டு வந்து கடல்மீன் வளர்த்தான். மீஞ்சூர் மீன்தொட்டிக் கடையில் வசந்தகுமார் காட்டிய கட்டைவிரல் நீளக் கலவாக்குஞ்சு, வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டுகளோடு அத்தனை அழகாக இருந்தது. கலவா முழம் தாண்டி வளரும், வாய்க்கு அடங்கியதையெல்லாம் விழுங்கும் என்பது தானியேலுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடைக்காரன், "தொட்டிக்கு ஏத்தாப்லதான்ணா வளரும், ஒரு பேஜாரும் இல்ல" என்றான். தொட்டிமீன் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. ஆசை வெட்கமறியாது, வாங்கிவிட்டான்.

கோமாளி மீன்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின, அடுத்து நீலமீன்கள். "கலவாவாம் கலவா. எதோடயும் கலக்காதுன்னு பேர்லயே கீது, உனுக்குத்தான் புரியல" என்றாள் மனைவி விக்டோரியா. மீன் வளர்ந்தது. வசந்தகுமாரின் பொய்யும் பலித்தது, மீனுக்கு முன்னால் தொட்டி வளர்ந்தது. மழைக்காலத்துக்குள் கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடியாயிற்று. கடலில் விட்டுவிடலாமென்றால் கலவா நாலு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். தெருக்காரர்கள் வந்து செல்ஃபி எடுத்தார்கள், பிறகு அலுத்துப்போனார்கள்.

கலவாவுக்கு அலுக்கவில்லை. எட்டு வயது மகள் ஷைனி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி, மெல்ல வாயைத் திறந்து மூடியது. பள்ளிச் சீருடைக்குத் தையல்காரர் பாக்கியநாதன் எழுதிக்கொடுத்த ஷைனியின் தோளளவு பன்னிரண்டு இஞ்ச். தானியேல் கண்ணாடிமேல் டேப்பை வைத்துப் பார்த்தான். வாய் பதினொன்றே கால்.

அன்றே மகளைக் கும்மிடிப்பூண்டியில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "அப்பா, சித்தி ஊட்டுச் செவுரு கண்ணாடியாயிட்ச்சி. அது என்னியே பாத்துக்கினு கீது."

"கிட்ட போவாத. நான் வந்துனே கீறேன்" என்றான் தானியேல்.

கூட்டிவந்துவிட்டார்கள். பிள்ளை போகிற இடமெல்லாம் தொட்டியும் வரும் என்றானபின் சொந்த வீடே மேல். விக்டோரியா இரண்டு நாள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷைனிக்கு முட்டை அவிக்க ஆரம்பித்தாள், காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. இப்போது ஜூன் பிறந்தால் பாக்கியநாதன் வீட்டுக்கே வந்து, சீருடைக்கு ஓர் அளவும் கண்ணாடியில் ஓர் அளவுமாக எடுத்துக்கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார். இந்த ஜூனில் ஷைனியின் தோள் பதினான்கு. கலவாவின் வாய் பதின்மூன்றே முக்கால்.

"இன்னொன்னு துன்னு" என்று விக்டோரியா மூன்றாவது முட்டையை உரித்து மகளின் தட்டில் வைத்தாள்.